செல்லக்கனியின் சதவீதம்

கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து, பேருந்தின் மூச்சிரைப்பும் அடங்கி, தேயிலைக்கும் மேகத்துக்கும் நடுவில் வேறெதுவும் இல்லாமல் போகிற உயரத்தில் குருவிமலை எஸ்டேட் இருக்கிறது. அந்த எஸ்டேட்டின் மேல்பிரிவில், ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கிற தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றில் செல்லக்கனி என்றொரு பெண் இருந்தாள். அவள் பருமனானவள். பேச்சுக்குச் சொல்கிற பருமன் இல்லை. சொந்த வீட்டு வாசலில் ஒருக்களித்து நுழைகிற பருமன், பேருந்தில் ஏறினால் நடத்துநர் பக்கத்து இருக்கைக்காரரை வேறிடம் பார்க்கச் சொல்கிற பருமன். அந்த மலையில் மற்ற பெண்களெல்லாம் கொழுந்துச் சாக்கை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்கி, காய்ந்த சுள்ளி மாதிரி நரம்பும் எலும்புமாக இருக்க, எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்த செல்லக்கனி மட்டும், நாள் முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்து, அவர்கள் மிச்சம் வைத்த கஞ்சியை வீணாக்க மனமில்லாமல் குடித்துக் குடித்து, மழைக்காலத்துக் குளம் போல நிறைந்திருந்தாள்.

அவளுக்குக் குளிர் தெரியாது. மார்கழியில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது அவள் குழாயடியில் நின்று பச்சைத் தண்ணீரைத் தலைவழியே ஊற்றிக்கொள்வாள். தொழிற்சங்கத்துக்காரர் வேலாண்டி, செல்லக்கனி சரிவில் இறங்கினால் கீழ்ப்பிரிவில் மண் சரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். தான் சிரிக்காவிட்டால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரிப்பார்கள் என்பது சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

அவளுக்கு ஒரே மகள், வைஷாலி. கோயம்புத்தூரில் மருந்து கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை, விடுதியில் வாசம். அம்மாவின் ரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் மகளுக்குப் பெரிய கவலை. கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு மாதச் சம்பளத்தில், உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கி, மலைக்கு வருகிற பேருந்தில் பார்சலாகப் போட்டுவிட்டாள். பேட்டரியில் ஓடுகிற கறுப்புக் கண்ணாடித் தட்டு. அதன் மேல் வெள்ளி நிறத்தில் நாலு வட்டங்கள். செருப்பில்லாமல் அதில் ஏறி நின்றால் முதலில் எடையைக் காட்டும். பிறகு கோடு கோடாக மின்னி, உள்ளங்கால் வழியே உடம்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது போல, சதவீதத்தைச் சொல்லும். காலையில் எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்று மகள் போனில் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றால் மெஷின் ஏமாந்துவிடும் என்றும் சொன்னாள்.

லைன் வீட்டுத் தரை வெள்ளைக்காரன் காலத்துத் தரை. மேடும் பள்ளமுமான அந்தத் தரையில் வைத்துப் பார்த்தபோது மெஷின் செல்லக்கனிக்கு ஆறு சதவீதம் என்றது. ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்த அவள் கணவர் சுடலைமணிக்கு ஐம்பது என்றது. சுடலைமணி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வீடெல்லாம் வைத்து வைத்துப் பார்த்தார். தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தைப் பழுது பார்த்தபோது மிஞ்சிய டைல்ஸ்களைக் கொண்டுவந்து அவரே பதித்திருந்த அடுப்படி மூலை மட்டும்தான் சமமாக இருந்தது. மெஷினை அங்கே வைத்தார். செல்லக்கனி ஏறி நின்றாள். கோடுகள் மின்னின. நாற்பத்து நாலு என்று வந்தது.

அப்படியென்றால் என்ன என்று மகளிடம் கேட்டாள். உடம்பில் கிட்டத்தட்ட பாதி வெறும் கொழுப்பு என்று மகள் சொன்னாள். செல்லக்கனிக்கு அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் இது மொத்தமும் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம், இதில் பாதி நீ இல்லை, நீ தூக்கிக்கொண்டு திரிகிற மூட்டை என்று யாரோ சொன்னது போல இருந்தது. மூட்டை என்றால், அது யாருக்காகக் கட்டிய மூட்டை என்றுதான் அவள் யோசித்தாள்.

மெஷின் வந்த செய்தி குழாயடி வழியாக லைன் முழுக்கப் பரவியது. மறுநாள் விடியற்காலையில் இருந்தே, ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்குப் போகிற வழியில், ஆணும் பெண்ணுமாகச் செல்லக்கனியின் அடுப்படிக்கு வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சாக்கில் பாதத்தைத் துடைத்து, கோயிலுக்குள் போகிற மாதிரி ஒவ்வொருவராக உள்ளே போய் ஏறி நின்றார்கள். பதினெட்டு, பதினாறு, பத்தொன்பது என்று வந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் உடம்பில் என்ன இருக்கப்போகிறது. ஆனாலும் தங்கள் உடம்பைப் பற்றி ஒரு சாமான் இவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்வது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாள் வரைக்கும் ஒருவரையொருவர் பார்த்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதிலாக இன்னைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டில் இசக்கிராணி இருந்தாள். இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை வயிற்றில், கணவன் நயினாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடியது. மெஷினோடு வந்த தாளை எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் தனுஷ்கோடி இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிகள் இதில் ஏறக்கூடாது என்று போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டதால், லைனில் அவள் ஒருத்தி மட்டும் அதில் ஏறவே இல்லை.

ஒரு நாள் காலையில், பனி அடுப்படி ஜன்னல் வரைக்கும் வந்து நின்ற வேளையில், செல்லக்கனி பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறி நின்றாள். எடை வந்தது. கோடுகள் மின்ன ஆரம்பித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கிராணி குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரிப்பது கேட்டது.

"இதுல கொஞ்சம் நம்ம இசக்கிராணிக்கு ஒட்டக்கூடாதா" என்று செல்லக்கனி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மெஷின் நாற்பத்து மூன்று என்றது. அந்தப் பக்கம் ஓங்கரிப்பு நின்று விக்கல் ஆரம்பித்தது. செல்லக்கனி சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். யாரோ நினைக்கிறார்கள் போலிருக்கிறது, நயினாராகத்தான் இருக்கும் என்று சொல்லித் தலையில் தட்டிக்கொடுத்தாள். தண்ணீரை வாங்குவதற்காக இசக்கிராணி கையைத் தூக்கினாள். வளையல் ஓடாமல் மணிக்கட்டிலேயே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். செல்லக்கனி வீட்டுக்கு வந்து டீயைப் போட்டுக் குடித்தாள். மறுநாள் காலையில் ஏறி நின்றபோது, கோடுகள் மின்னுகிற நேரம் பார்த்து, இந்த முறை வேண்டுமென்றே பெயரைச் சொன்னாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. கோடுகள் மின்னும்போது தட்டில் நிற்கிறவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு ஒரு பங்கு போகும். போய்ச் சேர்ந்ததும் அவருக்கு விக்கல் எடுக்கும். லைன்காரர்கள் இதைக் கேட்டுத் திகைத்து நிற்கவில்லை. ஒருத்தர் நினைத்தால் இன்னொருத்தருக்கு விக்கல் எடுக்கும் என்பது அவர்களுக்குப் பிறந்ததில் இருந்தே தெரியும். வெறும் நினைப்பு மட்டும் போகாமல் கூடவே கொஞ்சம் சதையும் போகிறது என்பதுதான் புதிது. அதற்கு என்ன முறை, என்ன ஒழுங்கு என்பதில்தான் அவர்கள் கவனம் போயிற்று.

கம்பவுண்டர் தனுஷ்கோடி அந்தத் தாளை மறுபடியும் படித்தார். பெயர் சொல்வதைப் பற்றி அதில் சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை என்று அறிவித்தார். வேலாண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது: எஸ்டேட் அரிசியைத் தின்று வளர்ந்த கொழுப்பு தொழிலாளிக்குச் சொந்தமா, நிர்வாகத்துக்குச் சொந்தமா. ரொம்ப யோசித்து, தொழிலாளிக்கே சொந்தம் என்று அவரே தீர்ப்பும் சொன்னார். சொன்ன கையோடு தன் தொந்தியைக் குறைக்க ஆசைப்பட்டு, கீழ்ப்பிரிவில் இருந்த மைத்துனன் பெயரைச் சொல்லிவிட்டார். மைத்துனன் சட்டைப் பொத்தான் தெறிக்க, விக்கிக்கொண்டே மேலேறி வந்து சண்டை போட்டான். அன்றைக்குக் குழாயடியில் கூடிப் பேசி, வாங்கிக்கொள்கிறவர் சம்மதம் இல்லாமல் யாரும் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

கல்யாணத்துக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டார் வருகிற வாரத்தில், அத்தைமாரும் சித்திமாரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கன்னத்தை நிரப்பினார்கள். கல்யாணம் முடிந்ததும் அவள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஒரு கன்னக்குழி மட்டும் போகாமல் அவளோடேயே தங்கிவிட்டது. இன்னொரு நாள், கொழுந்து பறிக்கிற ஓர் அம்மாள், கோடுகள் மின்னும்போது வாய் தவறி, எப்போதோ செத்துப்போன தன் தாயின் பெயரைச் சொல்லிவிட்டாள். சதவீதம் அரை இறங்கியது. எங்கும் யாருக்கும் விக்கல் எடுத்ததாகத் தெரியவில்லை. அது எங்கே போயிற்று என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் மட்டும் அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே கொழுந்து பறித்தாள்.

செல்லக்கனி தினமும் இசக்கிராணிக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் கூப்பிட்டுச் சதவீதத்தைக் கேட்பாள். நாற்பத்து மூன்று, நாற்பத்து ஒன்று, முப்பத்தொன்பது என்று கேட்கக் கேட்க வைஷாலிக்குப் பூரிப்பு. எப்படிம்மா குறைத்தாய் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு இசக்கிராணிக்குக் கொடுத்துவிட்டேன் என்று செல்லக்கனி உள்ளதைச் சொன்னாள். சோற்றைத்தான் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்ட மகள், நல்லது, ராத்திரிச் சோற்றை அப்படியே கொடுத்துவிடு என்றாள்.

ஆடி மாதம் பிறந்தது. தென்மேற்கு மழை அந்த வருஷம் மழையாகப் பெய்யவில்லை; வானத்தில் யாரோ அணையைத் திறந்துவிட்டு மறந்துபோனது போலக் கொட்டியது. மரங்கள் விழுந்து மின்சாரம் போயிற்று. செல்போன் கோபுரம் செத்தது. மலைப்பாதையில் ஒரு வளைவு அப்படியே பெயர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டதாகவும், மண்ணை அள்ளி வழி பண்ணும் வரைக்கும் மேலே இருப்பவர்கள் மேலேதான், கீழே இருப்பவர்கள் கீழேதான் என்றும் நடந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த மழைக்கு நடுவில், ஏழாம் மாதம் முடிகிற தறுவாயில், இசக்கிராணிக்கு வலி கண்டது.

கம்பவுண்டர் வந்தார். செல்லக்கனி கூட நின்றாள். மதியம் சாய்கிற நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ஒரு கையில் அடங்குகிற பிள்ளை. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே நீல நரம்புகள் ஓடுவது தெரிந்தது. பிள்ளை அழுதது, ஆனால் பூனைக்குட்டி தூரத்தில் கத்துகிற மாதிரி அழுதது. கம்பவுண்டர் தாயின் வெற்று மார்பில் பிள்ளையைப் படுக்கவைத்து, தலைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டு, மேலே போர்வைகளைச் சுற்றினார். சுடுதண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். சுவரெல்லாம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து செல்லக்கனியிடம் சொன்னார்:

"மூச்சு இருக்கு. பால் சொட்டுச் சொட்டா இறங்குது. சூடுதான் நிக்கல."

கடைசி இரண்டு மாதத்தில்தான் பிள்ளை உடம்பில் கொழுப்பு பிடிக்கும் என்றும், இது அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது என்றும், சூட்டைப் பிடித்துவைக்க இதன் உடம்பில் ஒன்றுமே இல்லை என்றும், கீழே ஆஸ்பத்திரி என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள் என்றும் அவர் விளக்கினார். இசக்கிராணி வீட்டு வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லைனே கூடி நின்றது. எல்லோரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். பிறந்ததில் இருந்து அவளை அத்தனை பேர் சேர்ந்து பார்த்து ஒருவர்கூடச் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் பார்க்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் தன் வீட்டு வாசலில் ஈரச் சாக்கில் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டில் ஏறினாள். கோடுகள் மின்னின. இசக்கிராணி பிள்ளைக்கு என்று சொன்னாள். சதவீதம் இறங்கியது, ஆனால் அந்தப் பக்கம் விக்கியது இசக்கிராணிதான். குட்டிம்மாவுக்கு என்று சொல்லிப் பார்த்தாள், இறங்கவே இல்லை. பெயர் இல்லாத ஆளுக்கு மெஷின் எதையும் கொண்டுபோகாது என்று புரிந்தது. செல்லக்கனி மழையில் நனைந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவள் ஓடி அந்த லைன் பார்த்ததில்லை. பிள்ளைக்கு உடனே ஒரு பெயர் வை என்று இசக்கிராணியிடம் கேட்டாள்.

இசக்கிராணி தலையை ஆட்டி மறுத்தாள். கணவன் வராமல் எப்படி என்று முதலில் சொன்னாள். பிறகு உண்மையைச் சொன்னாள்.

"பேரு வெச்சா எமனுக்கும் கூப்பிட வசதியாப் போயிரும் அத்தை."

"அவன் கூப்பிடுறதுக்கு முந்தி நான் கூப்பிடுறேன். பேரைச் சொல்லு, தாயி."

இசக்கிராணி மார்பில் கிடந்த பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தாள். "சூடு" என்றாள். காலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு, "சூடாமணி" என்றாள்.

செல்லக்கனி திரும்ப ஓடி வந்து தட்டில் ஏறி, வீட்டு ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி, சூடாமணி என்று சொன்னாள். மெஷின் ஒரு சதவீதம் இறங்கியது. அந்தப் பக்கம், மார்புத் துணிக்குள், ஒரு சின்ன விக்கல் எடுத்தது. குன்றிமணி உருண்டு விழுந்த அளவுதான் சத்தம். ஆனால் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். பிள்ளையின் கால் விரல்கள் நீலத்தில் இருந்து ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன.

ஆனால் ஓர் உலை கொதிக்கிற நேரத்துக்குள் விரல்கள் மறுபடியும் நீலமாயின. கற்பூரம் மாதிரி, வந்த கொழுப்பு வந்த உடனே எரிந்து சூடாகிப் போய்விட்டது. உடம்பில் தங்குவதற்கு அதற்கு நேரமே இல்லை. செல்லக்கனி மறுபடியும் ஏறினாள். மறுபடியும் விக்கல், மறுபடியும் ரோஜா நிறம், மறுபடியும் நீலம். அவள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள்; அடுப்படிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே சுடலைமணி நின்று, நீலம் என்றால் கையைத் தூக்குவார்; கை தூக்கப்பட்டால் அவள் ஏறுவாள். மழை விடவில்லை. நாட்கள் போயின. லைனில் உள்ள மற்றவர்களும் வந்தார்கள். பதினெட்டு இருந்தவர்கள் பதினேழரையாகிவிட்டு வெளியே போனார்கள். பதினாறு இருந்தவள்கூட ஏறி நின்று கால் சதவீதமாவது எடுத்துக்கொள்ளும்படி மெஷினிடம் கெஞ்சினாள். வேலாண்டி தன் தொந்தியில் மிச்சம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். போகிறபோது செல்லக்கனியின் முகத்தைப் பார்க்காமல், இந்த எஸ்டேட்டில் சொத்து என்று ஒன்றைச் சேர்த்து வைத்தது நீ ஒருத்திதான் அம்மா என்று சொன்னார்.

மற்றவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். மலையைத் தாங்குகிற மாதிரி அத்தனையையும் தாங்கியது செல்லக்கனியின் உடம்புதான். முப்பதுக்குக் கீழே வந்தபோது அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிரை உணர்ந்தாள். இதைத்தான் எல்லோரும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களா என்று ஆச்சரியமாகக் கேட்டாள். அவளுக்கென்று ஒரு ஸ்வெட்டர் அந்த வீட்டில் இருந்ததில்லை. சுடலைமணி தன்னுடையதைக் கொடுத்தார். முதல் நாள் அது அவள் கையில்கூட நுழையவில்லை. பிறகு நுழைந்தது. பிறகு பொத்தான் போட முடிந்தது. பிறகு அதற்குள் அவள் தொளதொளவென்று நின்றாள். வாசலில் நேராக நுழைந்தாள். சதை விட்டுப்போன தோல், காற்று இறங்கிய கூடாரம் மாதிரி மடிந்து கிடந்தது.

பதினைந்துக்கு வந்தபோது கம்பவுண்டர் நிறுத்தச் சொன்னார். பெண் உடம்புக்குப் பத்து, பன்னிரண்டாவது வேண்டும். மூளையைச் சுற்றியும் எலும்புக்குள்ளும் நெஞ்சுக்குப் பக்கத்திலும் இருக்கிற கொழுப்பு அது. அது மூட்டை இல்லை, அதுதான் ஆள். அதில் கை வைத்தால் ஆள் போய்விடும் என்று சொன்னார். சுடலைமணி குனிந்து மெஷினை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போதும் கனி. எனக்கு நீ வேணும்."

அவர் அப்படி ஒரு வார்த்தையைக் கல்யாணம் ஆனதில் இருந்து சொன்னதில்லை. செல்லக்கனி நடுங்கிக்கொண்டே அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"போயி அந்தப் பிள்ளை காலைத் தொட்டுப் பாத்துட்டு வாங்க. வந்து நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

அவர் மெஷினை அணைத்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர் போய்த் திரும்புகிற நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. திரும்பி வந்த சுடலைமணி உட்கார்ந்து, சமமான அந்த மூலையில் மெஷினை வைத்தார். வைத்துவிட்டு, அவள் ஏறுவதற்குத் தன் தோளைக் கொடுத்தார்.

அவள் ஏறினாள். பெயரைச் சொன்னாள். பதினான்கு. இறங்கி ஏறினாள். பெயரைச் சொன்னாள். பதின்மூன்று. அந்தப் பக்கம் விக்கல் எடுத்தது. சுடலைமணி மறுபடியும் நடுவே போய் நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். உலை கொதிக்கிற நேரம் ஆயிற்று. சுடலைமணியின் கை தூக்கப்படவில்லை. சோறு வடிக்கிற நேரமும் ஆயிற்று. கம்பவுண்டர் ஈர முகத்தோடு வாசலில் வந்து நின்று, கால் சூடாகவே இருக்கிறது, பிள்ளை தானாகவே வாயைக் கொண்டுபோய்ப் பாலைத் தேடுகிறது, கொடுத்தது தங்கிவிட்டது என்று சொன்னார். செல்லக்கனி தட்டில் இருந்து இறங்கி, அடுப்புப் பக்கத்திலேயே படுத்தாள். பெண்கள் தங்கள் கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து அவள் மேல் போட்டார்கள். கம்பளிக் குவியலாகக் கிடந்தபோது அவள் பழைய செல்லக்கனி அளவு தெரிந்தாள்.

அதற்குப் பிறகு என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். லைன் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். முதல் விக்கலிலேயே செல்லக்கனி எழுந்து உட்கார்ந்து, உங்கள் உடம்பில் எடுக்க என்ன இருக்கிறது, என் பெயரை இனி யாராவது தட்டில் நின்று சொன்னால் மெஷினைப் பள்ளத்தில் எறிந்துவிடுவேன் என்று சத்தம் போட்டாள். ஆகவே அவர்கள் மெதுவான வழியில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இருந்து முட்டை வந்தது, ஒரு வீட்டில் இருந்து உளுந்தங்களி வந்தது, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வந்தது. கீழ்ப்பிரிவில் இருந்து வேலாண்டியின் மைத்துனன் வேர்க்கடலை உருண்டை கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளைக் காப்பகத்துப் பிள்ளைகள் முதலில் அவளிடம் தூங்க மாட்டோம் என்று அழுதார்கள், எலும்பு குத்துகிறது என்றார்கள். அவள் சேலையை மடித்து மடித்துத் துடையில் வைத்துக்கொண்டு அவர்களைப் படுக்கவைத்தாள். அதற்காக ஒரு நாள் தனியாக உட்கார்ந்து அழுததும் உண்டு. அடுத்த வருஷத்துப் பொங்கலுக்குள் முப்பது வந்துவிட்டது. முப்பது என்று மெஷின் காட்டிய காலையில், குழாயடியில் எல்லோருக்கும் சுடலைமணி மிட்டாய் கொடுத்தார். மெஷின் இன்றைக்கும் அந்த மூலையில்தான் இருக்கிறது. அதில் ஏறுகிறவர்கள் கோடுகள் மின்னும்போது வாயைக் கவனமாக மூடிக்கொள்கிறார்கள். எவருக்காவது மேலுக்கு முடியாமல் போனால் மட்டும் திறக்கிறார்கள்.

அதெல்லாம் பின்னால். மழை விட்ட அந்த வாரம், மண்ணை அள்ளி ஒற்றை வண்டி போகிற அளவுக்கு வழி பண்ணியதும், கீழே இருந்து வந்த முதல் ஜீப்பில் நயினாரும் ஒரு நர்ஸம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று இத்தனை நாள் பதறிப்போய்க் கிடந்த வைஷாலியும் அதில் இடம் பிடித்து வந்திருந்தாள். நர்ஸம்மா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதத்தைக் கேட்டாள். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். துடையில் விழுந்திருந்த சின்ன மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்குக் கண்ணாடிப் பெட்டி எல்லாம் தேவையில்லை, தூங்கட்டும் என்றாள். நயினார் சுவரோடு சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான்.

வைஷாலி லைனுக்குள் வந்தாள். தன் வீட்டு வாசல் வெயிலில், ஆம்பிளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். யாரோ விருந்தாளி என்று நினைத்து, சிரித்துவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போய் அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். அடுப்படியில் இல்லை. பின்பக்கத்தில் இல்லை. திரும்ப வாசலுக்கு வந்தவள், வெயிலில் இருந்தவளின் கண்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் கையைத் தூக்கினாள், தோளைத் தொட்டாள், எலும்பு எலும்பாகத் தடவினாள். குறை, குறை என்று இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், குறைந்துபோன அம்மாவின் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேம்மா போச்சு? உன் உடம்பெல்லாம் எங்க போச்சு?" அவள் குரல் லைன் முழுக்கக் கேட்டது.

செல்லக்கனி மகளின் வாயில் விரலை வைத்தாள்.

"பக்கத்து வீட்டுல தூங்குது. சத்தம் போடாத, முழிச்சுக்கும்."